இறைக்காமல் விட்ட வயல்

என் கணவர் வெள்ளாயணிக் காயல் கரையில் மோட்டார் ஓட்டுகிற வேலைக்குச் சேர்ந்தபோது எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. எழுபதுகளின் பிற்பகுதி. இரண்டு பேருமே களியக்காவிளைப் பக்கத்துக்காரர்கள். குடியிருக்க மோட்டார் புரையை, அந்தக் கொட்டகையை ஒட்டி ஓலை வேய்ந்த ஒற்றை அறை கொடுத்தார்கள். மோட்டார் ஓடும்போது அடுக்கி வைத்த தட்டுகள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கும். முதல் வாரம் அந்தச் சத்தத்தில் தூக்கமே வரவில்லை. அப்புறம் அது நின்றால்தான் விழிப்பு வரும் என்றாகிவிட்டது.

எங்கள் ஊரில் புஞ்சை என்றால் வானம் பார்த்த பூமி. இங்கே நேர்மாறு. காயலின் ஆழம் குறைந்த பாகத்தைச் சுற்றிப் பெரிய வரப்பு போட்டிருந்தார்கள். ஐப்பசியில் பிடிக்கிற துலாமழை ஓய்ந்ததும் உள்ளே நிற்கும் தண்ணீரையெல்லாம் மோட்டார் வைத்து இறைத்து வெளியே தள்ளி, அடியில் தெரிகிற சேற்றில் நெல் விதைப்பார்கள். அதைத்தான் புஞ்ச என்றார்கள். வைகாசி நடுவில் தொடங்குகிற இடவப்பாதி மழை வருமுன் அறுத்துவிட வேண்டும். பிந்தினால் வயல் மறுபடி காயலாகிவிடும். எல்லாரும் கூடி ஒரு கமிட்டி வைத்திருந்தார்கள். எப்போது இறைப்பது, எப்போது நிறுத்துவது என்று முடிவு செய்வது கமிட்டி. சுவிட்சைப் போடுவதும் அணைப்பதும் மட்டும்தான் என் கணவர் வேலை.

அந்த வருடம் முதல்முறையாகக் குத்தகைக்கு வயல் எடுத்தவள் ஒரு அக்கா. அவளும் எங்கள் பக்கத்துக்காரிதான், பாறசாலையில் பிறந்தவள். பள்ளிக்கூடம் முழுக்க மலையாளத்தில் படித்தவள். ஆனாலும் என்னைக் கண்டால் நம்ம பேச்சுதான். அவளுடைய வீட்டுக்காரர் பொன்முடி மலையில் தேயிலை எஸ்டேட்டில் வேலை. வேலையாட்களுக்கான லயத்து வீட்டில் தனியாக இருந்தார். மஞ்சு, மலைப் பனிமூட்டம், இறங்குகிற மாதங்களில் அவருக்கு இழுப்பு வந்து மூச்சு விடவே பாடுபடுவார் என்று அக்கா சொல்வாள்.

"இந்த ஒரு பூ நல்லபடியா வெளஞ்சா அவரக் கீழ கூட்டீட்டு வந்திருவேன் பிள்ளே. வயலு வேலைன்னு ஒண்ணு இருந்தா எறங்கி வாறேன்னு சொல்லியிருக்காரு."

புது ஆள் என்பதால் அவளுக்குக் கிடைத்தது இருப்பதிலேயே பள்ளமான வயல். மற்றவர்களுடைய மண் தெரிந்த பிறகும் அவளுடையதில் தண்ணீர் நிற்கும். கடைசியாகத்தான் வற்றும். அது எங்கள் அறைக்கு நேர் எதிரே இருந்தது. காலையில் கதவைத் திறந்தால் முதலில் தெரிவது அக்காவின் வயல்தான்.

தண்ணீர் முழங்காலளவுக்கு இறங்கியபோது பறவைகள் வந்தன. எங்கள் ஊர்க் குளத்தில் கிளுவை என்போமே, அந்த இனம். இங்கே எரண்ட என்பார்கள். ஒரு நாள் விடியும்போது கதவைத் திறந்தேன், வயலெல்லாம் பழுப்பாக அசைந்து கொண்டிருந்தது. நான் தண்ணீரில் ஏதோ குப்பை மிதந்து வந்திருக்கிறது என்று நினைத்தேன். பிறகுதான் கழுத்துகள் தெரிந்தன. தலையைத் தண்ணீருக்குள் விட்டு, வாலை மேலே தூக்கி, செங்குத்தாக நின்று மேயும். ஆம்பல் விதை, கோரைக் கிழங்கு, பாசி, நத்தைக் குஞ்சு என்று சேற்றுக்கு மேலே கிடக்கிற எல்லாமே அவற்றுக்குத் தீனி. அக்காவும் நானும் வரப்பில் உட்கார்ந்து அரிசி புடைத்தபடி அதைப் பார்ப்போம். அந்த நாட்களில் அவற்றால் யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. அவை களையைத்தான் தின்றன. நல்லதுதானே என்றுகூடச் சிலர் சொன்னார்கள்.

மேட்டு வயல்காரர்கள் விதைத்த பிறகுதான் வினை வந்தது. நெல்லை ஊறப்போட்டு, சாக்கில் கட்டி முளைக்க வைத்து, சேற்றைச் சமப்படுத்தி, விரல்கணு நனைகிற அளவு தண்ணீர் விட்டு அதன்மேல் வீசுவார்கள். எரண்டைக்கு அதைவிடத் தோதான சாப்பாடு வேறு ஏது? முங்கித் தேட வேண்டாம், கிழங்கைப் பிடுங்க வேண்டாம். அந்தி மயங்கினதும் கூட்டமாகக் கிளம்பி மேட்டு வயல்களில் போய் இறங்கும். இருட்டிய பிறகு ஒன்றும் தெரியாது, சேற்றில் அலகு வைத்து உறிஞ்சுகிற சளசளப்பு மட்டும் கேட்கும். விடிந்து பார்த்தால் சேறு முழுக்கக் கால்தடம். நெல்லைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

தகரம் தட்டினார்கள். ஓலை வெடி, ஓலைப் படக்கு என்பார்கள், அதைப் போட்டார்கள். கயிறு கட்டி அதில் பழைய சேலைத் துணி தொங்கவிட்டார்கள். இங்கே வெடித்தால் அங்கே போய் இறங்கும், அங்கே வெடித்தால் இங்கே. "நீ என் கண்டத்துக்கு ஓட்டி விடுறே" என்று அடுத்தடுத்த வயல்காரர்கள் சண்டை போட்டார்கள். கண்டம் என்றால் இங்கே வயல். இரண்டு அண்ணன் தம்பிகள் அந்தச் சண்டையில் பேச்சை விட்டார்கள்.

அந்த நேரத்தில்தான் ஒரு சார் வந்தார். கல்லூரியில் பாடம் சொல்லித் தருகிறவர், ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் பைனாகுலரோடு காயல் கரைக்கு வருவார். அவரையும் கமிட்டிக் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். கூட்டம் மோட்டார் புரை முற்றத்தில் நடந்தது. நான் கட்டன் சாயா போட்டுக் கொடுத்துவிட்டு வாசல்படியில் நின்று கேட்டேன்.

இவை இமயத்துக்கு அப்பால் பனி உறைகிற நாடுகளிலிருந்து வருகின்றன என்று சார் சொன்னார். அங்கே தீனி இல்லாமல் வருகிறவை, இங்கே தண்ணீரையெல்லாம் வற்ற வைத்துவிட்டு நெல்லை மட்டும் விரித்து வைத்தால் நெல்லைத்தான் தின்னும். கொஞ்ச இடத்தில் தண்ணீரையும் ஆம்பலையும் கோரையையும் அப்படியே விட்டு வைத்தால் பாதி அங்கேயே மேய்ந்துகொள்ளும். அவர் சொன்னதில் எனக்குப் பிழையொன்றும் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை.

கமிட்டி செக்ரட்டரி தலையாட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். சார் சைக்கிளில் ஏறிப் போன பிறகு, மற்றவர்களைப் பார்த்து, "அப்போ ஒரு கண்டம் இறைக்காம விடணும். அவ்வளவுதானே," என்றார்.

எந்தக் கண்டம் என்று யாரும் கேட்கவில்லை. இன்னும் தண்ணீர் நிற்கிற கண்டம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

என் கணவர் மட்டும் செக்ரட்டரியிடம் சொன்னார். "சாரே, அந்த அக்கா விதைய நனைச்சு சாக்குல கட்டி வச்சிருக்கு. சேறு கலக்க ஆளும் சொல்லியாச்சு."

"அது செரியாக்கலாம். எல்லாருக்கும் வேண்டியல்லே," என்றார் செக்ரட்டரி, எல்லாருக்காகவும்தானே என்ற பொருளில். பிறகு தணிந்த குரலில், "நீ இப்ப ஓஃப் பண்ணு," என்றார்.

என் கணவர் உள்ளே போனார். மோட்டார் நின்றது.

அக்கா அன்றைக்குப் பாறசாலைக்குப் போயிருந்தாள். சாயங்காலம் பஸ் இறங்கி நேராக எங்களிடம்தான் வந்தாள். கையில் எனக்காக ஒரு பொதியில் முறுக்கு.

"மோட்டாருக்கு என்ன பிள்ளே, ரிப்பேரா?"

என் கணவர் அறைக்குள்ளேயே இருந்தார். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. எனக்கு எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை. சாரிலிருந்து தொடங்கினேன், இமயத்துக்கு அப்பால் என்றெல்லாம் சொன்னேன். அக்கா பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில், "அதுக்கு ஏன் மோட்டார நிறுத்தணும்?" என்றாள். அவளுக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

"ஒங்க வயலத்தான் விடணுமாம் அக்கா."

அவள் திரும்பித் தன் வயலைப் பார்த்தாள். பிறகு அறை வாசலுக்குப் போய், "தம்பி," என்று கூப்பிட்டாள்.

என் கணவர் வந்து நின்றார். "எங் கையில ஒண்ணும் இல்லக்கா," என்றார்.

"ஒரு ராத்திரி ஓடுனா வத்திரும்."

"தெரியும்."

முறுக்குப் பொதியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

அவளுடைய விதைச் சாக்குகள் எங்கள் அறைக் கூரைச் சாய்ப்பின் கீழ்தான் இருந்தன. வயலுக்குப் பக்கம் என்று அங்கே வைத்திருந்தாள். மறுநாள் அவள் செக்ரட்டரி வீட்டுக்குப் போனாள். அடுத்த நாளும் போனாள். நான் காலையும் மாலையும் சாக்குகளின்மேல் தண்ணீர் தெளித்தேன். தெளிக்காவிட்டால் காய்ந்துவிடும், தெளித்தால் வளர்ந்துவிடும். சாக்குக்குள் கையை விட்டால் சூடு தகித்தது. முளை வெள்ளையாகச் சாக்கின் இழைகளுக்கு வெளியே வந்தது.

செக்ரட்டரி அவளிடம் கோபப்படவே இல்லை. அதுதான் கஷ்டம். உட்காரச் சொல்லி, சாயா கொடுத்து, "பெங்ஙளே, அடுத்த கொல்லம் நல்ல கண்டம் தரலாம், உறப்பு," என்றாராம். தங்கச்சி, அடுத்த வருடம் நிச்சயம் என்று. வைதிருந்தாலாவது பதிலுக்கு வைதிருக்கலாம் என்றாள் அக்கா.

மேட்டில் மறுவிதைப்புக்கு விதை இல்லாமல் ஒருவர் திண்டாடிக் கொண்டிருந்தார். அக்காவின் சாக்குகளைக் கேட்டு ஆள் அனுப்பினார். இனியும் நாளைக் கடத்தினால் வீசவே முடியாது, வேர் பின்னிக் கட்டியாகிவிடும் என்பது அவளுக்கும் தெரியும். "எடுத்துட்டுப் போங்க. எங்கயாவது மொளைக்கட்டும்," என்றாள். அவர்கள் அன்றைக்கே விதைத்தார்கள். அன்று அந்தியிலேயே எரண்டைகள் அதில் இறங்கின.

அடுத்த ஞாயிறு சார் வந்தபோது அக்கா அவருடைய சைக்கிளுக்கு முன்னால் போய் நின்றாள். மலையாளத்தில்தான் பேசினாள். தன் வயலைக் கைகாட்டி, "சார் சொன்னது இதைத்தானா?" என்று கேட்டாள்.

அவர் சைக்கிளிலிருந்து இறங்கினார். "இல்லை, இல்லை. நான் சொன்னது அந்தக் கோடியில், வரப்புக்கு வெளியே கோரை நிற்கிறதே, அதை வெட்ட வேண்டாம் என்று. ஒருத்தருடைய வயலை நான் சொல்லவில்லை," என்றார். அப்போதே செக்ரட்டரியைப் பார்க்கப் போனார். திரும்பி வரும்போது சைக்கிளை உருட்டிக்கொண்டே வந்தார். அக்காவிடம், "அவர்கள் நன்றாகத்தான் பேசுகிறார்கள். கமிட்டி தீர்மானம், ஒருமுறை பார்ப்போம் என்கிறார்கள். நான் வெளி ஆள் அம்மா," என்றார். பைனாகுலர் அவர் கழுத்தில் தொங்கிக் கொண்டிருந்தது. அன்றைக்கு அதை அவர் கையில் எடுக்கவே இல்லை.

சரி, விட்டதாவது பலித்ததா என்றால் அதுவும் இல்லை. அக்காவின் வயலில் மிச்சமிருந்த ஆம்பல் விதையையும் கிழங்கையும் அவை சில நாட்களிலேயே தின்று தீர்த்தன. அத்தனை பெரிய கூட்டத்துக்கு ஒற்றை வயல் எந்த மூலைக்கு? ஆனால் அந்தத் தண்ணீர் அவற்றுக்குப் பிடித்துப்போனது. யாரும் விரட்டாத இடம். பகல் முழுக்க அதில் தலையை முதுகில் செருகிக்கொண்டு தூங்கும். அந்தி வந்ததும் எழும்பி, எட்டி நாலு வரப்பு தாண்டி நெல்லில் இறங்கும். விடியுமுன் திரும்பி வந்து படுத்துக்கொள்ளும். முன்பெல்லாம் காயலின் மறுகோடியிலிருந்து பறந்து வந்தவை. இப்போது பக்கத்திலேயே வீடு கிடைத்துவிட்டது.

அதற்கும் அக்காதான் கேட்க வேண்டியிருந்தது. மேட்டு வயல்காரர் ஒருவர் வரப்பில் வைத்து, "நிங்ஙளுடெ வெள்ளத்திலல்லே இதெல்லாம் கெடக்குது. பகல்ல ஓட்டி விட்டா என்ன?" என்றார். இங்கே தண்ணீருக்கு வெள்ளம் என்றுதான் பேச்சு.

"என் வெள்ளமா?" என்று கேட்டாள் அக்கா.

பையன்கள் சிலர் கல்லெறிந்தார்கள். ஒருவர் எங்கிருந்தோ நாட்டுத் துப்பாக்கியோடு வந்து சுட்டார். மொத்தக் கூட்டமும் எழும்பியபோது எங்கள் கூரை ஓலை அசைந்தது. ஒன்றிரண்டு விழுந்தன, அவர் எடுத்துக்கொண்டு போனார். மிச்சம் சுற்றிச் சுற்றி வந்து மறுபடி அதே தண்ணீரில் உட்கார்ந்தன. அவற்றுக்கு மட்டும் வேறு எங்கே போக்கிடம்? காயலின் மற்ற பாகத்தையெல்லாம் நாங்கள் நெல்லாக்கி வைத்திருந்தோமே. பாவம் என்று நினைப்பேன். அக்காவின் முகத்தைப் பார்த்தால் அந்த நினைப்பும் நிற்காது.

அந்தச் சமயத்தில்தான் அவளுடைய வீட்டுக்காரர் பொன்முடியிலிருந்து வந்தார். அக்கா அவருக்கு ஒன்றும் எழுதியிருக்கவில்லை. பயிர் பச்சை கட்டியிருக்கும், பார்த்துவிட்டு எஸ்டேட்டில் கணக்கு முடிக்கலாம் என்று வந்திருக்கிறார். கம்பளி மப்ளரைக் கீழே இறங்கியும் கழற்றவில்லை. அக்கா அவரை வரப்புக்குக் கூட்டி வந்தாள். நான் வாசலில் நின்று பார்த்தேன். பிற்பகல் வெயிலில் தண்ணீர் பளபளத்தது. அதன்மேல் அத்தனை பறவைகளும் அசையாமல் கிடந்தன. அவர் மப்ளரை இறுக்கிக்கொண்டு பார்த்தார்.

"பாக்க அழகாத்தான் இருக்கு," என்றார்.

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் அவள் தோளைத் தொடப் போனவர், நான் நிற்பதைப் பார்த்துக் கையை எடுத்துவிட்டார். மறுநாள் முதல் பஸ்ஸுக்கே மலைக்குத் திரும்பினார்.

கடைசியில் கமிட்டிக்கே பொறுக்கவில்லை. அக்காவின் வயலையும் இறைத்துவிடுவது என்று தீர்மானம் போட்டார்கள். என் கணவர் சுவிட்சைப் போட்டார். அவள் சொன்னதுபோல ஒரே ராத்திரியில் தண்ணீர் வற்றியது. காலையில் பார்த்தால் வெறும் சேறு, அங்கங்கே வெள்ளை இறகு. எரண்டைகள் மறுகோடிக்குப் போய்விட்டன. என் கணவர் அக்காவின் வீட்டுக்குப் போய்ச் சொன்னார். "வத்தியாச்சு அக்கா."

"விதை எங்க தம்பி இருக்கு?" என்றாள். "இனி விதைச்சாலும் கதிரு வாறதுக்குள்ள மழையில்லா வந்திரும்."

என் கணவர் நாலைந்து இடத்தில் விதை கேட்டுப் பார்த்தார். எல்லாருமே இரண்டு முறை, மூன்று முறை மறுவிதைப்பு செய்து ஓய்ந்து போயிருந்தார்கள். மீனமாசம், நம் பங்குனி, தொடங்கியதும் பறவைகள் தாமாகவே போய்விட்டன. யாரும் விரட்டவில்லை. ஒரு நாள் இருந்தன, மறுநாள் இல்லை. தப்பிய நெல் திட்டுத்திட்டாக வளர்ந்தது. அறுப்பு பாதி நடக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. வயலில் இறங்கி, கழுத்தளவு தண்ணீரில் கதிரை வெட்டி வள்ளத்தில் போட்டார்கள். அக்காவின் வயல்தான் முதலில் முங்கியது.

அதற்கு முன்பே அவள் போய்விட்டாள். அவர் கீழே வர வழியில்லை என்றான பிறகு இவள் மேலே போவதுதான் மிச்சம். எஸ்டேட்டில் கொழுந்து கிள்ள ஆள் எடுத்தார்கள். பாத்திரங்களை ஒரு சாக்கில் கட்டினாள். அம்மியை மட்டும் தூக்க முடியாது என்று எனக்குக் கொடுத்தாள். நான் அழுதேன். அவள் அழவில்லை. மோட்டார் புரைக்கு வந்து என் கணவரிடம், "போயிட்டு வாறேன் தம்பி," என்று சொல்லிக்கொண்டாள். அவர் எண்ணெய்த் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

மழை முடிந்து நாங்கள் ஒருமுறை அவளைப் பார்க்கப் போனோம். மலையடிவாரத்துக் கல்லாறு வரைக்கும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அதற்குமேல் வளைவுக்கு வளைவு குமட்டியது. லயத்தில் அவர்களுக்கு ஒரு அறை. குளிரில், எங்கள் பேச்சில் தணுப்பில், சுவரெல்லாம் ஈரம் ஊறி, பாய்கூட நனைந்த மாதிரி இருந்தது. அவர் வேலைக்குப் போகாமல் படுத்திருந்தார். மூச்சு ஒவ்வொன்றும் வெளியே கேட்டது. எங்களைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்து சிரித்தார். பேச ஆரம்பித்தால் இருமல் வந்தது, அதனால் சிரிப்போடு நிறுத்திக்கொண்டார்.

அக்கா கஞ்சியும் துவையலும் தந்தாள். அவளுடைய விரல் நுனிகளெல்லாம் தேயிலைக் கறை ஏறிக் கறுத்திருந்தன. காயலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு மாசம் எத்தனை என்றுதான் கேட்டாள். அப்போது நான் முழுகாமல் இருந்தேன். டாக்டரிடம் காட்டினாயா, இரும்பு மாத்திரை தருகிறார்களா, வளைவில் குலுங்குமே, இந்த நேரத்தில் ஏன் வந்தாய் என்று கடிந்துகொண்டாள்.

"அவருக்கு ஆஸ்பத்திரியில என்ன சொல்லுறாங்க?" என்று என் கணவர் மெதுவாகக் கேட்டார்.

"தணுப்புல இருக்கப்பிடாதுன்னு சொல்லுறாங்க," என்றாள் அக்கா. சொல்லிவிட்டு வெளியே பார்த்தாள். வெளியே மஞ்சைத் தவிர ஒன்றுமில்லை.

திரும்புவதற்கு ஒரே பஸ்தான். அதை விட்டால் மறுநாள்தான். கஞ்சிப் பாத்திரத்தைக் கழுவக்கூட அவள் விடவில்லை. பஸ் நிற்கிற இடம் வரைக்கும் எங்களோடு வந்தாள், தலையில் ஒரு சாக்கைக் கொங்காணியாக மடித்துப் போட்டுக்கொண்டு. என் கணவர் வழி முழுக்க எங்களுக்குப் பின்னால் தள்ளியே நடந்தார். அவர் என்ன சொல்ல முடியும்? நானாவது என்ன சொல்லிவிட்டேன்?

பஸ் வந்தது. கண்டக்டர் அவசரப்படுத்தினார். நான் ஏறி, பின்பக்கம் முதலில் கிடைத்த இடத்தில் உட்கார்ந்தேன். அக்கா கீழே இருந்து கம்பிக்குள் கையை விட்டு என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"முன்னால போயி இரு பிள்ளே. பின்னால குலுக்கும்," என்றாள்.

நான் எழுந்து முன்னால் போனேன். பஸ் கிளம்பியது.